ஏறுகயிற்றுக்கு ஏற்ற பிடிகயிறு
மரமேறிக் கிளை தறிக்கும் கமக்காரருக்கான அறிவுரை

முன்னுரை

வயலோரத்து மரங்களின் நிழல் நெற்பயிரின்மீது விழுமாயின், அவ்விடத்தில் பயிர் மட்டம் வெடிப்பது குறையும், கதிரும் சிறுத்துவிடும். மரக்கறித் தோட்டத்தில் நிழல் மிகுந்தால் இலைகளின் ஈரம் விரைவிற் காயாது. பூஞ்சண நோய்கள் பரவுவதற்கு அது வழிசெய்யும். தோட்ட நிலத்துக்குப் பசுந்தாட் பசளையாகப் பூவரசு, வேம்பு முதலிய மரங்களின் குழையை வெட்டித் தாழ்ப்பதும் கமக்காரருடைய பழைய வழக்கமாகும். இவ்வேலைகளுக்காக மரத்தில் ஏறவேண்டியிருக்கின்றது. மரத்திலிருந்து விழுந்து கைகால் முறிந்தவர்களும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையிற் கிடப்பவர்களும் நமது கிராமங்களில் உள்ளனர். வெறுங்கையும் வெறுங்காலுமாக ஏறுவோரே பெரும்பாலும் இவ்விபத்துக்கு ஆளாகின்றனர்.

கயிற்றின் துணையுடன் மரமேறும் முறை இவ்வாபத்தை வெகுவாகக் குறைக்கும். ஆயினும் கயிறு இருந்தால் மட்டும் போதாது. ஏறுபவருடைய உயிரைத் தாங்கி நிற்பது கயிற்றின்மீது இடப்படும் ஒரு சிறு முடிச்சேயாகும். அம்முடிச்சு பிடிக்கவேண்டிய வேளையிற் பிடிக்கவும், விடவேண்டிய வேளையில் விடவும் வேண்டுமாயின், முடிச்சுப் போடும் சிறு கயிறு பெருங்கயிற்றுக்குப் பொருத்தமானதாய் இருத்தல் வேண்டும். இப்பொருத்தத்தைத் தெரிந்துகொள்ளும் வழிகளே இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன. இது கிளைவிட்ட மரங்களில் ஏறுவோருக்கு உரியது. கயிற்றேற்றத்தை இதனை வாசித்து மாத்திரம் கற்றுக்கொள்ளலாகாது. அத்தொழிலைப் பயின்ற ஒருவரிடம் நேரிற் பழகிக்கொள்ளல் வேண்டும்.

இரு கயிறுகளும் அவற்றின் தொழிலும்

மேலே ஓர் உறுதியான கிளைக் கவட்டின் ஊடாகப் போடப்பட்டு, ஏறுபவரைத் தாங்கும் நீண்ட கயிற்றை ஏறுகயிறு என்போம். பொதுவாக உள்ள முறையில் இதன் ஒரு முனை ஏறுபவருடைய இடுப்பிலும் தொடையிலும் அணியப்படும் ஏறுபட்டியிற் கட்டப்படும். கயிறு கிளையைச் சுற்றி மறுபுறமாகக் கீழே இறங்கும். இறங்கிவரும் அந்தப் பகுதியின்மீது ஒரு சிறு கயிற்றைப் பலமுறை சுற்றி முடிச்சிட்டு, அதன் முனைகளைப் பூட்டுக் கொளுக்கியால் ஏறுபட்டியில் மாட்டவேண்டும். இச்சிறு கயிறே பிடிகயிறு. அது போடும் முடிச்சே பிடிமுடிச்சு.

பிடிமுடிச்சு இரண்டு தொழில்களைச் செய்கின்றது. உடற்பாரம் அதன்மேல் விழுந்தவுடன் இறுகி, ஏறுகயிற்றைப் பற்றிக்கொள்ளும். பாரத்தை நீக்கி மேலே தள்ளினால் வழுக்கிச் செல்லும். பாரம் இருக்கும்போதே முடிச்சின் தலையைக் கையால் மெல்லக் கீழ்நோக்கி அழுத்தினால் சிறிது சிறிதாக நெகிழ்ந்து, ஏறியவரை இறக்கும். பிடிப்பதும் விடுவதும் ஒன்றுக்கொன்று மாறான குணங்கள். பிடிப்பை மிகுத்தால் முடிச்சு விடாது. விடுவதை எளிதாக்கினால் பிடிக்காது. பிடிகயிற்றைத் தெரிதல் என்பது இவ்விரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் காண்பதாகும்.

இத்தகைய முடிச்சு புதியதன்று. ஒஸ்திரிய நாட்டு மலையேறியான கார்ல் புருசிக் என்பவர் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிச்சு அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. மரவேலை செய்வோர் இப்பொழுது பரவலாகக் கையாளும் பிளேக் முடிச்சு, 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேசன் பிளேக் என்பவரால் மரவேலையாளருக்கு அறிமுகஞ் செய்யப்பட்டது. ஒஸ்திரியரான ஹைன்ஸ் புரோகஸ்கா அதனை முன்னரே காட்டியிருந்தார். நம் நாட்டிற் பனை ஏறுவோர் காலிலிடும் தளைநார் மரத்தைப் பற்றுவதும் உராய்வினாலேயே. ஆகவே இதன் தத்துவம் நம்மவருக்கு அந்நியமானதன்று.

முடிச்சுப் பிடிக்கும் விதம்

அடங்காத நாம்பனைக் கட்டையில் கட்டும்போது என்ன செய்கின்றோம்? கயிற்றைக் கட்டையைச் சுற்றி இரண்டு மூன்று முறை வளைத்துவிட்டு, முனையை ஒரு கையாற் பிடித்துக்கொள்கின்றோம். மாட்டின் முழுப் பலத்தையும் அச்சுற்றுகள் தாங்குகின்றன. சுற்றுகள் கூடக்கூடப் பிடிப்பு ஒவ்வொன்றாகக் கூடுவதில்லை. மடங்கு மடங்காகப் பெருகுகின்றது.

இதனை எண்களாற் காட்டலாம். கயிறும் கட்டையும் வழுக்கலாயிருந்து உராய்வுக் குணகம் 0.1 ஆயின், ஒரு முழுச்சுற்று பிடிப்பை ஏறத்தாழ 1.9 மடங்காக்கும்; நான்கு சுற்றுகள் 12 மடங்காக்கும். மேற்பரப்புச் சற்றுச் சொரசொரப்பாயிருந்து உராய்வுக் குணகம் 0.2 ஆயின், ஒரு சுற்று 3.5 மடங்காக்கும், நான்கு சுற்றுகள் ஏறத்தாழ 150 மடங்காக்கும். வழுக்குந் தன்மை இரண்டிலொன்றாய் மாறியதற்கே பிடிப்பு 12 மடங்கிலிருந்து 150 மடங்காக உயர்ந்ததைக் கவனிக்கவும். பிடிமுடிச்சு கட்டையிற் சுற்றிய கயிற்றை முற்றிலும் ஒத்ததன்று. எனினும் அதே விதிக்கே அதுவும் கட்டுப்பட்டது.

இதிலிருந்து கமக்காரர் அறியவேண்டியது யாதெனில், கயிற்றின் மேற்பரப்பில் உண்டாகும் சிறு வேற்றுமையும் முடிச்சின் பிடிப்பில் பெரும் வேற்றுமையை உண்டாக்கும் என்பதே. பழைய கயிற்றிற் சரியாகப் பிடித்த அதே முடிச்சு, புதிய வழுக்கற் கயிற்றிற் பிடியாது போகலாம். உலர்ந்த கயிற்றில் இலகுவாக நெகிழ்ந்த முடிச்சு, நனைந்த கயிற்றில் அல்லது மரப்பால் ஒட்டிய கயிற்றில் நெகிழாது சிக்கலாம்.

பிடிகயிற்றைத் தெரியும்போது கவனிக்கவேண்டியவை

1. தடிப்பு

பிடிகயிறு ஏறுகயிற்றைவிட மெல்லியதாய் இருத்தல் வேண்டும். மெல்லிய கயிறு தடித்த கயிற்றினுட் பதிந்து பற்றும். இரண்டும் ஒரே தடிப்பாயின் பதிவு குறைவு. பெரும்பாலான முடிச்சுகள் வழுக்கும். பிளேக் முடிச்சு மாத்திரம் ஒத்த தடிப்புள்ள கயிற்றாலும் நன்கு பிடிக்கும். ஆகையால் அதனை ஏறுகயிற்றின் மிகுதி வாலினாலேயே போடுவதுண்டு. பிடிகயிறு அளவுக்கு மீறி மெலிந்தாலோ, ஆழப் பதிந்து இறுகிவிடும், கைக்கு விடாது, சூட்டினால் விரைவிற் பழுதுபடும்.

தொடக்கத்திற் கொள்ளத்தக்க அளவுகள் பின்வருமாறு:

ஏறுகயிறு 13 மி.மீ. ஆயின் பிடிகயிறு 10 மி.மீ.
ஏறுகயிறு 12 மி.மீ. ஆயின் பிடிகயிறு 9 மி.மீ.
ஏறுகயிறு 11 மி.மீ. ஆயின் பிடிகயிறு 8 மி.மீ.

அதாவது பிடிகயிறு ஏறுகயிற்றின் தடிப்பில் நான்கில் மூன்று பங்களவினதாய் இருத்தல் நன்று. பின்னர் கூறப்படும் தரைச் சோதனையிற் பொருந்தாவிடின், 1 மி.மீ. கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம்.

தடிப்பை அளக்க விசேட கருவி இல்லாதவர்கள், கயிற்றை ஒரு நேரான தடியில் இடைவெளியின்றி 10 சுற்றுகள் சுற்றி, அச்சுற்றுகள் பிடித்த மொத்த அகலத்தை அளவுகோலால் அளந்து 10 ஆற் பிரிக்கவேண்டும். வரும் அளவே கயிற்றின் தடிப்பாகும். நெடுநாட் பாவித்த கயிறு ஈரத்தாலும் இழுவையாலும் தடித்தோ மெலிந்தோ இருக்குமாதலால், வாங்கியபோது சீட்டில் எழுதியிருந்த அளவை நம்பாது இடைக்கிடை அளந்து பார்க்கவேண்டும்.

2. மென்மையும் விறைப்பும்

ஒரே தடிப்புள்ள இரு கயிறுகளுள் மென்மையானது நெருங்கிச் சுற்றி நன்கு பற்றும். விறைத்தது சுற்றுகளுக்கிடையே வெளி விட்டு மெதுவாகப் பிடிக்கும். மென்மையானது விடுவது கடினம். விறைத்தது விடுவது எளிது. எனவே ஏறுகயிறு வழுக்கலாயும் விறைப்பாயும் இருப்பின் மென்மையான பிடிகயிற்றையும், ஏறுகயிறு தேய்ந்து பஞ்சுபிடித்து இருப்பின் சற்று விறைத்த பிடிகயிற்றையும் தெரிந்தெடுக்கலாம்.

விறைப்பை அறிய எளிய வழி உண்டு. கயிற்றில் ஒரு சாதாரண முடிச்சிட்டு, 10 கிலோகிராம் நிறையை ஒரு நிமிட நேரம் அதிற் தொங்கவிட்டு, பின்னர் நிறையை இறக்கி முடிச்சின் நடுத்துளையைப் பார்க்கவும். துளை கயிற்றின் தடிப்பிலும் சிறிதாயின் அது மென்மையான கயிறு. துளை கயிற்றின் தடிப்பிலும் பெரிதாயின் அது விறைத்தது; பிடிகயிற்றுக்கு உதவாது.

3. நாரின் வகை

இறங்கும்போது பிடிகயிறு சூடேறும். தம் கருவிகளுடன் 80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் வெப்பம், 100 கிராம் நீரை ஏறத்தாழ 19 பாகை சதமளவு சூடாக்கப் போதுமானது. இதிற் பெரும்பங்கு முடிச்சிலேயே உண்டாகின்றது. இவ்வெப்பம் நீரிற் பரவுவதுபோலக் கயிறு முழுவதும் பரவுவதில்லை. உராயும் மேற்பரப்பிலே தங்குகின்றது. விரைவாக இறங்கினால் மேற்பரப்பு உருகி, கண்ணாடிபோல் மினுமினுத்து இறுகிவிடும். அவ்வாறு மினுத்த கயிறு அடுத்த முறை பிடியாது.

ஆகையால் நார் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை அறிதல் அவசியம். பொலியெதிலீன் ஏறத்தாழ 130 தொடக்கம் 150 பாகையிலும், பொலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 165 பாகையிலும், நைலோன் அதன் இனத்துக்கேற்ப 220 தொடக்கம் 260 பாகையிலும், பொலியெஸ்தர் ஏறத்தாழ 255 பாகையிலும் உருகும். அரமிட் என்னும் நார் உருகுவதில்லை. மிகுந்த சூட்டில் கருகி அழியும். இதனாலேயே மரவேலைக்கென்று செய்யப்படும் பிடிகயிறுகளின் உறை பெரும்பாலும் அரமிட் நாரால், அல்லது அரமிட்டும் பொலியெஸ்தரும் கலந்து பின்னப்படுகின்றது. ஆயினும் அரமிட்டுக்கும் குறையுண்டு: அடிக்கடி மடிவதாலும் வெயிலாலும் அது வலுவிழக்கும். எனவே அதனை அடிக்கடி மாற்றவேண்டும்.

கடைகளில் நைலோன் கயிறு என்ற பெயரில் விற்கப்படுவன யாவும் நைலோன் அல்ல. மலிவான நீலக் கயிறும் பச்சைக் கயிறும் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் அல்லது பொலியெதிலீன் ஆகும். அவை துலாவுக்கும் மூட்டை கட்டுவதற்கும் உதவும். உயிரைத் தாங்கும் பிடிகயிற்றுக்கு உதவா. வேற்றுமையைக் காண, கயிற்றின் சில நூல்களைப் பிரித்து நீரில் நனைத்துப் பிழிந்து, காற்றுக் குமிழிகள் போனபின் ஒரு பாத்திர நீரில் இடவும். பொலிபுரொப்பிலீனும் பொலியெதிலீனும் மிதக்கும். நைலோன், பொலியெஸ்தர், அரமிட் ஆகியன தாழும். தாழ்ந்த நூலை உலரவிட்டுச் சுவாலையிற் காட்டினால், நைலோனும் பொலியெஸ்தரும் உருகித் துளியாகும்; அரமிட் உருகாது கருகும். இச்சோதனை நாரின் இனத்தை மாத்திரம் காட்டும். கயிற்றின் வலுவைக் காட்டாது.

தும்புக்கயிறும் சணற்கயிறும் வெளித்தோற்றத்தில் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே உக்கியிருக்கக்கூடும். அவற்றை ஏறுகயிறாகவோ பிடிகயிறாகவோ பாவித்தலாகாது.

4. வலு

அமெரிக்காவில் மரவேலைக்குரிய பாதுகாப்பு நியமம், ஏறுகயிறு ஆகக்குறைந்தது 5,400 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2,450 கிலோகிராம் பாரத்தைத் தாங்கவேண்டும் என்றும், அதனோடு சேர்த்துப் பாவிக்கும் பிடிகயிறும் அவ்வலுவினதாய் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. 80 கிலோகிராம் மனிதனுக்கு இவ்வளவு வலு எதற்கு என்று சிலர் கேட்கலாம். முடிச்சு, மடிப்பு, தேய்வு, வெயில் ஆகிய ஒவ்வொன்றும் கயிற்றின் வலுவைக் குறைக்கும். கயிறு தளர்ந்திருக்கையில் திடீரென விழுந்தால் உண்டாகும் அதிர்ச்சி, உடல் நிறையைப் பன்மடங்காக்கும். இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுக்கவே இம்மிகுதி வேண்டியதாகின்றது.

தடிப்பை மாத்திரம் பார்த்து வலுவைத் தீர்மானித்தல் தவறு. மலையேறுவோர் பாவிக்கும் சாதாரண 8 மி.மீ. துணைக்கயிறு தாங்கவேண்டிய ஆகக்குறைந்த பாரம் ஐரோப்பிய நியமப்படி ஏறத்தாழ 1,300 கிலோகிராம். அது மேற்கூறிய அளவில் ஏறத்தாழ அரைப்பங்கே. மரவேலைக்கெனச் செய்த 8 மி.மீ. பிடிகயிறு வேறு, துணைக்கயிறு வேறு. வலு எழுதப்படாத கயிற்றை வாங்கவேண்டாம்.

5. நீளம்

இரு முனைகளிலும் கண்வைத்த பிடிகயிற்றின் நீளம், கண்ணிலிருந்து கண்வரை, பெரும்பாலும் 70 தொடக்கம் 85 செ.மீ. வரை இருக்கும். நீளம் கூடினால் முடிச்சு கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எட்டாத முடிச்சை நெகிழ்த்த இயலாது. ஏறியவர் இறங்கவும் முடியாது. நீளம் குறைந்தால் சுற்றுகள் நெருக்குண்டு, பாரம் நீங்கியபின்னும் இளகாது.

தடிப்புக்கும் நீளத்துக்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு சுற்றும் விழுங்கும் நீளத்தைக் காண, இரு கயிறுகளின் தடிப்பையும் கூட்டி 3.14 ஆற் பெருக்கவேண்டும். 12 மி.மீ. ஏறுகயிறும் 9 மி.மீ. பிடிகயிறுமாயின் 21ஐ 3.14 ஆற் பெருக்க, ஏறத்தாழ 66 மி.மீ. வரும். 13 மி.மீ. கயிறும் 10 மி.மீ. கயிறுமாயின் ஏறத்தாழ 72 மி.மீ. வரும். ஆகவே ஒரு சுற்றைக் கூட்ட விரும்புபவர் ஏறத்தாழ 7 செ.மீ. நீண்ட பிடிகயிற்றை எடுத்தல் வேண்டும்.

சுற்றுகளும் பாரமும்

கயிறுகளை மாற்றாமலே பிடிப்பைச் சீர்செய்வதற்கு வழி, சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றுவதாகும். பிளேக் முடிச்சுக்குப் பொதுவாக 4 சுற்றுகள் இடப்படும். முனை அவற்றுள் கீழ் இரண்டின் அடியாற் செருகப்படும். டிஸ்டல் என்னும் முடிச்சுக்கு மேலே 4 அல்லது 5 சுற்றுகளும் கீழே ஒரு சுற்றும் இடப்படும். முடிச்சு வழுக்கினால் மேலே ஒரு சுற்றைக் கூட்டலாம்; சிக்கினால் ஒன்றைக் குறைக்கலாம். எவ்வகை முடிச்சாயினும், சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது வரிசையாய்ப் படியவேண்டும். பிளேக் முடிச்சின் வால்முனையில் எட்டு முடிச்சொன்றைத் தடைமுடிச்சாக இடத் தவறலாகாது.

முடிச்சின்மேல் விழும் பாரத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மேலே விளக்கிய இரட்டைக் கயிற்று முறையில் உடற்பாரம் கயிற்றின் இரு பக்கங்களுக்கும் பிரிவதால், முடிச்சு ஏறத்தாழ அரைப்பங்கையே தாங்குகின்றது. 80 கிலோகிராம் மனிதனாயின் 40 கிலோகிராம். இறங்கும்போது கிளைப்பட்டையின் உராய்வு இதனை இன்னும் குறைக்கும். பட்டையைக் காப்பதற்காகக் கிளையில் வளையமோ கப்பியோ இட்டால், அவ்வுதவி குறைந்து முடிச்சின்மேற் பாரம் கூடும். ஒரே கயிற்றை மேலே அசையாது கட்டி அதில் ஏறும் முறையிலோ, முழுப்பாரமும் முடிச்சின்மேல் விழும்; முடிச்சு இறுகி நெகிழாது நின்றுவிடும். அம்முறைக்கு உராய்வைப் பகிர்ந்துகொள்ளும் வேறு கருவியும் வேண்டும். ஆகவே ஒரு முறையிற் சரியாயிருந்த பிடிகயிற்றை மற்றொரு முறைக்குச் சோதியாது எடுத்தல் ஆகாது.

தரைச் சோதனை

மேற்கூறிய கணக்குகள் யாவும் எந்தக் கயிற்றிலிருந்து தொடங்கவேண்டும் என்பதையே காட்டும். தகுமா தகாதா என்பதைத் தீர்ப்பது தரைச் சோதனையே. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மரத்திலும், ஏறுமுன் இதனைச் செய்தல் வேண்டும்.

(அ) கயிற்றைக் கிளையிற் போட்டபின், முதலில் இருவர் சேர்ந்து இழுத்துக் கிளையின் உறுதியைப் பார்க்கவும்.

(ஆ) முடிச்சை இட்டு, சுற்றுகளை வரிசைப்படுத்தி, கையால் இறுக்கவும்.

(இ) தரையிலிருந்து அரை மீற்றருக்கு மேற்படாத உயரத்தில், வெட்டும் கருவிகளையும் அணிந்துகொண்டு, முழுப்பாரத்துடன் தொங்கவும். முடிச்சு கையுதவியின்றி உடனே பிடிக்கவேண்டும். மெதுவாக 60 வரை எண்ணும்வரையும் அது நழுவாது நிற்கவேண்டும்.

(ஈ) சற்றே எழும்பி மீண்டும் பாரத்தை விடவும். அப்பொழுதும் உடனே பிடிக்கவேண்டும்.

(உ) ஒரு கையால் மெல்ல நெகிழ்த்தித் தரைக்கு இறங்கவும். இரு கைகளாலும் தொங்கி இழுத்தாலன்றி நெகிழாவிடின் அப்பொருத்தம் தகாது.

(ஊ) இதனைப் 10 முறை செய்யவும். முதல்முறை சரியாகப் பிடித்த முடிச்சு, சூடேறியபின் ஐந்தாம் ஆறாம் முறையில் வழுக்குவதுண்டு.

(எ) மழைக்காலத்தில் ஏறவேண்டியிருப்பின், இரு கயிறுகளையும் நனைத்து அதே சோதனையை மீண்டும் செய்யவும்.

குறைகளும் பரிகாரங்களும்

முடிச்சு வழுக்கினால்: ஒரு சுற்றைக் கூட்டவும், அல்லது மென்மையான பிடிகயிற்றை எடுக்கவும், அல்லது 1 மி.மீ. மெல்லியதை எடுக்கவும். பிடிகயிறு மினுமினுத்திருந்தால் அதனை வெட்டி எறியவும்.

முடிச்சு சிக்கி விடாதிருந்தால்: ஒரு சுற்றைக் குறைக்கவும், அல்லது சற்று விறைத்ததோ தடித்ததோ ஆன பிடிகயிற்றை எடுக்கவும். கயிற்றில் மரப்பால் ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டு நீரிற் கழுவி நிழலில் உலர்த்தவும்.

சிலவேளை பிடித்து, சிலவேளை பிடியாதிருந்தால்: இதுவே யாவற்றினும் ஆபத்தானது. நீளம் கூடியிருத்தல், சுற்றுகள் குலைந்திருத்தல், கயிற்றின் ஒரு பகுதி மாத்திரம் தேய்ந்திருத்தல் ஆகியன காரணமாகலாம். காரணம் காணும்வரை ஏறக்கூடாது.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் மாற்றவேண்டிவரும்

கமக்காரர் ஒருவர் பல காலமாக 13 மி.மீ. தடிப்புள்ள பழைய முப்புரிக் கயிற்றில் 10 மி.மீ. பிடிகயிற்றைக் கொண்டு ஏறி வந்தார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கயிறு பஞ்சுபிடித்திருந்தபடியால் முடிச்சு நன்கு பற்றியது. அவர் கயிறு பழையதாயிற்று என்று எண்ணி, புதிதாக 11 மி.மீ. பின்னற் கயிறொன்றை வாங்கினார். இது நல்ல எண்ணமே. ஆனால் பிடிகயிறு பழுதின்றி இருக்கின்றதே என்று அதனையே வைத்துக்கொண்டார். இப்பொழுது பிடிகயிறு ஏறுகயிற்றின் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்காகிவிட்டது. புதிய கயிற்றின் உறையோ வழுவழுப்பானது. தரையிற் சோதியாது ஏறினார். கவட்டிலிருந்து காலை எடுத்துப் பாரத்தை விட்டபோது முடிச்சு பிடிக்கவில்லை. விழுகின்ற அச்சத்தில் அவர் கை முடிச்சையே இறுகப் பற்றிக்கொண்டது. கை பற்றிய முடிச்சு எப்பொழுதும் திறந்தே நிற்கும், பிடிக்கவிருந்ததும் பிடியாது.

இங்கே ஏறுகயிற்றிற் குறையில்லை, பிடிகயிற்றிலும் குறையில்லை. இரண்டும் தனித்தனியே நல்லவை; சேர்ந்தவிடத்திலேயே பொருத்தமில்லை. ஏறுகயிறு, பிடிகயிறு, முடிச்சு, கிளையில் இடும் வளையம், ஏறுபவர் ஆகிய ஐந்தில் எதனை மாற்றினாலும் முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்யவேண்டும். தகப்பனார் ஏறிய கயிற்றில் மகன் ஏறுவதாயினும் அவ்வாறே; நிறை வேறாயின் பிடிப்பும் வேறு. நழுவும்போது முடிச்சை விட்டு, அதன் கீழேயுள்ள கயிற்றைப் பற்றும் பழக்கத்தைத் தரைச் சோதனையின்போதே கைக்குப் பழக்கிக்கொள்ளல் வேண்டும்.

கயிறுகளைப் பேணும் முறை

கமக்காரரின் கொட்டிலிற் கயிற்றுக்குப் பகையான பொருட்கள் பல உள்ளன. உழவு இயந்திரத்தின் மின்கலத்திலுள்ள அமிலம் நைலோனைத் தின்றுவிடும். கடுங்காரப் பொருட்கள் பொலியெஸ்தரைக் கெடுக்கும். இக்கேடு கண்ணுக்குத் தெரியாமலே நிகழக்கூடும். ஆகையால் ஏறும் கயிறுகளை மின்கலம், சுண்ணாம்பு, பசளை, கிருமிநாசினி, எண்ணெய் ஆகியவற்றோடு வையாது, தனியான பையிலிட்டு, வெயிலும் எலியும் அணுகாத உலர்ந்த இடத்தில் தொங்கவிடவேண்டும். அவற்றால் மாடு கட்டுவதோ மரம் இழுப்பதோ கூடாது.

வேலை முடிந்தபின் பிடிகயிற்றை அவிழ்த்து முழுநீளத்தையும் விரல்களால் தடவிப் பார்க்கவும். மினுமினுப்பு, கட்டி, தட்டையான இடம், மெலிந்த இடம், அறுந்த உறை ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டால் அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி எறிந்துவிடவேண்டும். முழுதாய் விட்டால் மற்றொருவர் அறியாது எடுத்துப் பாவிக்கக்கூடும். பிடிகயிறு ஏறுகயிற்றைவிட விரைவிலே தேயும், அது இயல்பு. நீண்ட கயிறு தேயாதிருக்கும்பொருட்டுச் சிறு கயிறு தேய்கின்றது. எனவே ஏறுகயிறு ஒன்று வாங்கும்போதே பொருத்தமான பிடிகயிறுகள் இரண்டு மூன்றைச் சேர்த்து வாங்கி வைத்தல் சிக்கனமும் பாதுகாப்புமாகும்.

நினைவில் வைக்கவேண்டியவை

1. பிடிகயிறு ஏறுகயிற்றின் தடிப்பில் நான்கில் மூன்று பங்களவில் இருக்கட்டும்.

2. வழுக்கற் கயிற்றுக்கு மென்மையான பிடிகயிறு. பஞ்சுபிடித்த கயிற்றுக்குச் சற்று விறைத்தது.

3. நீரில் மிதக்கும் நாரைப் பிடிகயிறாகக் கொள்ளவேண்டாம்.

4. வலு எழுதப்படாத கயிற்றில் உயிரை வைக்கவேண்டாம்.

5. ஐந்தில் ஒன்றை மாற்றினால் முழுவதையும் மீண்டும் சோதிக்கவும்.

6. மெதுவாக இறங்கவும், சூடு பிடிகயிற்றின் எதிரி.

7. கிளையை வெட்டும் வேளையில் பிடிமுடிச்சை மட்டும் நம்பாது, இடுப்பிலிருந்து இரண்டாவது கட்டொன்றையும் மரத்தில் இடவும். பாரமேறிய கயிற்றில் வாள் பட்டால் அது கணத்தில் அறுந்துவிடும்.

8. தனியே ஏறவேண்டாம். கீழே ஒருவர் நிற்கட்டும்.

நல்ல விதையைத் தெரிவதற்கு நாம் எவ்வளவு கவனம் எடுக்கின்றோம்! முளைதிறனைச் சோதித்த பின்னரே நாற்றுமேடையில் இடுகின்றோம். தவறினால் ஒரு போகமே நட்டமாகும். அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். கயிற்றைத் தெரிவதில் தவறினால் ஈடுசெய்ய அடுத்த போகம் இல்லை. ஆகையால் ஏறுமுன் தரையில் தொங்கிப் பார்ப்பதற்குச் செல்லும் கால்மணி நேரத்தைக் கமக்காரர் வீண் என எண்ணாது, அதனையே அன்றைய வேலையின் முதற் பகுதியாகக் கொள்வார்களாக.